ஃபராங், கேக், தமின்: தாய்லாந்தில் நம்மை என்னவென்று சொல்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் வேலைக்கு வந்து சேரும் தமிழர்கள் கொஞ்ச நாளிலேயே தாய் மொழியில் பத்துப் பதினைந்து சொற்களைப் பிடித்துக்கொள்வார்கள். தங்களைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல் அடிபடுகிறது என்பதும் அதற்குள் காதில் விழுந்துவிடும். பிறகு ஒரே கேள்விதான்: "இது திட்டா, சும்மா சொல்வதா?" கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களும் 'ஃபராங்' என்ற சொல்லைப் பற்றி இதையேதான் கேட்டு வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில். தாய் மொழியின் ஏற்ற இறக்கம் தமிழ் எழுத்தில் வராது. ஆகவே இங்கே எழுதியிருப்பதை அப்படியே படித்துக் காட்டி யாரிடமும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஃபராங் என்றால் வெளிநாட்டுக்காரரா?

இல்லை, வெள்ளைக்காரர். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்கிருந்து வந்தாலும் சரி. ஜப்பானியர், சீனர், இந்தியர் யாரும் இதில் சேர மாட்டார்கள். வெளிநாட்டவர் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல 'சாவ் தாங் சாட்' என்று தனிச் சொல் இருக்கிறது. செய்தியிலும் அறிவிப்புப் பலகையிலும் அதுதான் வரும். வியட்நாம் போர்க் காலத்தில் உடோன் தானி, உ தபாவ் போன்ற ஊர்களில் அமெரிக்க விமானத் தளங்கள் இருந்தன. அங்கே வந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கு 'ஃபராங் டம்', அதாவது கறுப்பு ஃபராங் என்று பெயர் வந்தது. அந்த ஒட்டுப்போட்ட பெயரே சொல்லிவிடும், வெறும் ஃபராங் என்றால் யார் என்று.

பிரான்ஸ் நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் என்கிறார்களே?

பாங்காக்கில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பிரான்சுக்கு இங்கே 'ஃபராங்செட்' என்று பெயர், அதனால் வந்த குழப்பம். ஆனால் அன்றைய தலைநகரான அயுத்தயாவுக்கு ஐரோப்பியரில் முதலில் வந்தவர்கள் போர்த்துகீசியர், 1511இல். பிரெஞ்சு மன்னரின் தூதுக்குழு நாராய் அரசரிடம் வந்தது 1685இல்தான்.

சொல்லின் வழி வேறு. மேற்கு ஐரோப்பாவின் ஃபிராங்க் இனத்தார் பெயரை அரபிகள் ஐரோப்பியர் எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். பாரசீகத்தில் அது 'ஃபரங்' ஆனது. இந்தியப் பெருங்கடல் வியாபாரிகள் அதைத் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோனார்கள். அயுத்தயா அரசவையில் பாரசீகர்கள் பெரிய பதவிகளிலேயே இருந்தார்கள். வட இந்தியாவில் 'ஃபிரங்கி', லாவோசில் 'ஃபலாங்', கம்போடியாவில் 'பாராங்', எத்தியோப்பியாவில் 'ஃபெரெஞ்ச்'. நம்மிடம் 'பறங்கி'.

ஆமாம், பறங்கிமலையில் இருக்கும் அதே பறங்கிதான். பறங்கிப்பேட்டையும் அதுவே. இலங்கையில் போர்த்துகீசிய, டச்சு வழிவந்தவர்கள் பறங்கியர். வந்தவனோடு வந்த காய் பறங்கிக்காய். வந்தவனோடு வந்த மேகநோய்க்குப் பறங்கிப்புண் என்று பெயர். அதற்குக் கொடுத்த வேர் பறங்கிப்பட்டை, இன்றும் சித்த மருந்துக் கடையில் சூரணமாகக் கிடைக்கும். ஆக, ஃபராங் என்ற சொல்லைக் கேட்டு அதிசயப்பட நமக்கு மட்டும் உரிமை இல்லை.

கொய்யாப்பழத்துக்கும் ஃபராங் என்றுதான் பெயராமே?

அதே பெயர்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளைக்காரர் வழியாக வந்த பழம், அதனால் ஃபராங். உருளைக்கிழங்கு 'மன் ஃபராங்', ஃபராங் கிழங்கு. ஆஸ்பராகஸ் 'நோ மாய் ஃபராங்', ஃபராங் மூங்கில் குருத்து. எனக்குப் பிடித்தது சூயிங் கம்: 'மாக் ஃபராங்', அதாவது ஃபராங் பாக்கு. வெற்றிலை போட்ட ஊர்க்காரர்கள் வைத்த பெயர்.

தள்ளுவண்டியில் கொய்யாவை நீளமாகக் கீறி, உப்பும் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, குத்திச் சாப்பிட ஒரு மூங்கில் குச்சியும் தருவார்கள். வாங்குகிறவர் வெள்ளைக்காரராக இருந்தால் வண்டிக்காரம்மா கட்டாயம் சொல்வார்: "ஃபராங் கின் ஃபராங்", ஃபராங் ஃபராங்கைத் தின்கிறது. சுற்றி நிற்பவர்கள் முதன்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள். பல வருடமாக இங்கே இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அந்தச் சொல்லைவிட இந்தச் சிரிப்புத்தான் அலுப்பு.

சரி, ஃபராங் என்பது வசையா?

தனியாக நின்றால் இல்லை. தாய் அகராதியில் வெள்ளை இனத்தவர் என்றுதான் பொருள். மருத்துவர், ஆசிரியர், மாமியார் எல்லோரும் முகம் சுளிக்காமல் சொல்லும் சொல். ஆனால் அதோடு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முன்னால் 'ஐ' வந்தால் வசை. "ஐ ஃபராங்" என்றால் நம்மூரில் "டேய் வெள்ளைக்காரப் பயலே" என்பதற்குச் சமம். பெண்ணானால் 'ஈ'. அடுத்து, 'அவர்' என்ற இடத்தில் 'காவ்' வருகிறதா 'மன்' வருகிறதா என்று கேளுங்கள். 'மன்' என்பது அஃறிணைக்கு உரியது. கூட்டாளிகள் தங்களுக்குள் ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. முன்பின் தெரியாதவரை அப்படிச் சொன்னால் மரியாதைக்கேடு. ஆட்களை எண்ணும்போதும் இதே கதை. மனிதர்களை 'கொன்' போட்டு எண்ணுவார்கள், விலங்குகளை 'துவா' போட்டு எண்ணுவார்கள். அலுவலகத்தில் ஒருவர் "ஃபராங் மூன்று துவா வந்திருக்கிறது" என்றால் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது வசைதான்.

'ஃபராங் கீ நோக்' என்று ஒன்று உண்டு: பறவை எச்ச ஃபராங். சிறிய கொய்யா வகை ஒன்றின் பெயர். கையில் காசில்லாமல், அழுக்குச் சட்டையோடு, பத்து பாட் (தாய் நாணயம்) காசுக்குப் பேரம் பேசும் வெள்ளைக்காரருக்கும் அதே பெயர். இதைச் சிரித்துக்கொண்டும் சொல்வார்கள், நிஜமாகவே இளக்காரமாகவும் சொல்வார்கள்.

2020 பிப்ரவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் அனுதின் சார்ன்வீரகுல், சியாம் ரயில் நிலையத்தில் முகக்கவசம் கொடுத்துக்கொண்டிருந்தார். சில வெள்ளைக்காரர்கள் வாங்காமல் போனதும் கடுப்பாகி, இந்த ஃபராங்குகளை நாட்டை விட்டே துரத்த வேண்டும் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2025இல் அவரே பிரதமரும் ஆனார். அன்று வெள்ளைக்காரர்களைச் சுட்டது அந்தச் சொல்லா, துரத்த வேண்டும் என்ற பேச்சா? என்னைக் கேட்டால் பேச்சுத்தான். அதே ஆள் 'சாவ் தாங் சாட்' என்று மரியாதையாகச் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

அப்படியானால் இங்கே வாழும் வெள்ளைக்காரர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்?

அவர்கள் காட்டும் காரணம் அந்தச் சொல். பின்னால் வேறு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, உறவுமுறை. தாய்க்காரர்கள் நம்மைப் போலத்தான். பெயர் தெரியாதவரைக்கூட 'பீ' என்பார்கள், அண்ணன் அல்லது அக்கா. இளையவர் 'நோங்'. வயதானவர் 'லுங்', 'பா', மாமா, பெரியம்மா. காய்கறிக்காரி முதல் வங்கிக் குமாஸ்தாவரை எல்லோரும் யாருக்காவது பீ, யாருக்காவது நோங். வெள்ளைக்காரர் மட்டும் இருபது வருடம் ஒரே தெருவில் இருந்து, தாய்ப் பெண்ணைக் கட்டி, பிள்ளை பெற்று, தாய் மொழியில் சரளமாகப் பேசினாலும், எதிரே நிற்கும்போதே "ஃபராங்குக்கு என்ன வேண்டுமாம்?" என்று மனைவியிடம் கேட்பார்கள். சென்னையில் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு "இந்த ஆளுக்குக் காரம் ஒத்துக்குமா?" என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் தமிழருக்கும் அந்த வலி விளங்கும். இந்தப் புகாரை நான் முழுக்க ஏற்கிறேன்.

இரண்டாவது, காசு. காவ் யாய் தேசியப் பூங்காவில் தாய்க்காரருக்கு 40 பாட், வெளிநாட்டவருக்கு 400 பாட் என்று வெகுகாலம் வாங்கினார்கள். பல இடங்களில் உள்ளூர்க் கட்டணத்தைத் தாய் எண்களிலும் வெளிநாட்டவர் கட்டணத்தை நாம் படிக்கும் எண்களிலும் எழுதி வைப்பார்கள். தாய் எண்களைப் படிக்கத் தெரிந்த அன்றைக்குத்தான் விஷயமே புரியும். இந்த எரிச்சலும் கடைசியில் சொல்லின் தலையில்தான் விடிகிறது.

கடைக்காரர் "ஹே யூ!" என்று கத்துகிறாரே?

அது மரியாதை! தாய் மொழியில் 'குன்' என்றால் 'நீங்கள்', பெயருக்கு முன்னால் 'திரு' மாதிரியும் வரும். அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள்.

இப்படிப்பட்ட சொல்லுக்காக யாராவது நீதிமன்றம் போனதுண்டா?

தாய்லாந்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஹாங்காங்கில் நடந்தது. அங்கே வெள்ளைக்காரருக்கு 'குவைலோ', பேய் மனிதன் என்று பெயர். கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர், தன்னைச் சுற்றி அந்தச் சொல் புழங்கியதை இனப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார். 2022இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தச் சொல் எப்போதும் இழிவாகவே வருவதில்லை, சூழலைப் பார்க்க வேண்டும் என்பதே தீர்ப்பின் போக்கு. அதே ஊரில் குவைலோ என்ற பெயரிலேயே பீரும் விற்கிறார்கள்.

நமக்கு என்ன பெயர்?

'கேக்'. பிறந்தநாள் கேக் இல்லை. வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து, குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கையர், அரபியர், மலாய்க்காரர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சொல். அதன் முதல் பொருள் விருந்தாளி. வீட்டு வரவேற்பறைக்கு 'ஹோங் ரப் கேக்', விருந்தாளியை ஏற்கும் அறை என்று பெயர். ஹோட்டல் துறைக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதல் வாரம் பதறிப்போவார்கள், எல்லோரும் நாள் முழுக்கத் தன்னையே சொல்கிறார்கள் என்று. "கேக் மா லேவ்" என்றால் விருந்தினர் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சாப்பாட்டிலும் நாம் இருக்கிறோம். வாழைப்பழத்தைச் சீவி, அரிசி மாவும் தேங்காயும் எள்ளும் கலந்த கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்தால் 'க்ளுவாய் கேக்', கேக் வாழை. நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி, இனிப்பாக இருக்கும். பாங்காக்கின் நாங் லோங் பக்கம் முன்பெல்லாம் சிக்னலில் கார் நின்றதும் பொட்டலத்தோடு ஓடி வந்து விற்பார்கள். பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் சோம் தம்முக்கு எடுக்கும் பப்பாளி வகை ஒன்றுக்கு 'கேக் டம்', கறுப்பு கேக் என்று பெயர். வெள்ளைக்காரர் கொய்யா என்றால் நாம் பப்பாளி.

பாங்காக்கின் சிலோம் பகுதியில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் ஊர்ப் பெயர் 'வாட் கேக்', கேக் கோயில். நவராத்திரி ஊர்வலத்தன்று தெருவோரம் பீடம் அமைத்து, தேங்காயும் சாமந்தியும் வைத்துக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். அந்த வாயிலிருந்து வரும் 'கேக்'கில் துளிக் கசப்பு இருக்காது.

அப்படியானால் கேக் நல்ல சொல்தானே?

பொருளை மட்டும் பார்த்தால் ஃபராங்கைவிடவே நல்ல சொல். ஆனால் நடைமுறையில் இதுதான் அதிகம் சுடுகிறது.

தாய்த் தொலைக்காட்சி நகைச்சுவையில் பல காலமாக வரும் கேக் யார்? தலையில் கூடை வைத்துக் கடலை விற்பவர், கொசுவலை விற்பவர், தவணைக்குச் சாமான் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து வசூலிப்பவர், வட்டிக்கு விடுபவர். கூடவே உடம்பு நாற்றம் பற்றிய நகைச்சுவை ஒன்று தவறாமல் இருக்கும். "பாம்பையும் கேக்கையும் பார்த்தால் முதலில் கேக்கை அடி" என்று ஒரு சொலவடையும் உண்டு. ஃபராங் என்று சொல்லும்போது மனதில் எழும் படம் பணக்காரர், ஆசிரியர், நடிகர். எவ்வளவு கிண்டல் செய்தாலும் அந்தப் படத்தில் ஒரு ஏணி இருக்கிறது. கேக்குக்கு அது கிடையாது. ரத்தினக் கற்கள் வியாபாரத்தில் தலைமுறையாகக் கொடிகட்டும் கீழக்கரை, காயல்பட்டினம் குடும்பங்கள் இங்கே இருந்தும் கிடையாது. இப்போது கொஞ்சம் மாறுகிறது. 2024இல் இந்தியாவிலிருந்து வந்த பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல். கல்யாணத்துக்கே ஹோட்டலை மொத்தமாக வாடகைக்கு எடுக்கிறார்கள். காசு வரும் இடத்தில் நாக்குத் தன்னால் திருந்தும்.

இதைவிடக் கனமானது தென்கோடியில் நடப்பது. பட்டானி, யாலா, நராதிவாட் மாநிலங்களின் மலாய் முஸ்லிம்களையும் கேக் என்றுதான் சொல்கிறார்கள். சயாமுக்கும் பிரிட்டனுக்கும் 1909இல் ஒப்பந்தமாகி எல்லைக்கோடு விழுந்ததற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். சொந்த ஊரில் விருந்தாளி என்ற பெயரோடு வாழ்வது எப்படி இருக்கும்? நமக்கு வரும் சங்கடம் அதன் பக்கத்தில் நிற்காது.

தாய் அகராதியில் 'தமிழ்' என்றால் கொடூரம் என்று போட்டிருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. புதிதாக வந்தவர்களிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய செய்தி இது.

தாய் மொழியில் நம் பெயர் 'தமின்'. மொழிக்கு 'பாசா தமின்', மாநிலத்துக்கு 'தமின் நாடு'. அதே சொல்லுக்கு இரண்டாவது பொருள் கொடிய, இரக்கமற்ற. 'ஜை தமின்' என்றால் கல்நெஞ்சு. 1992 மே மாதம் ஜெனரல் சுசிந்தாவின் ஆட்சியை எதிர்த்து பாங்காக் தெருக்களில் திரண்டவர்களை ராணுவம் சுட்டது. ஆங்கிலத்தில் 'கறுப்பு மே' என்கிறார்கள். தாய் மொழியில் அதன் பெயர் 'ப்ருத்சபா தமின்'. பள்ளிப் பாடத்திலும் செய்தியிலும் இப்படித்தான்.

இது இலங்கையிலிருந்து வந்த சரக்கு என்பதே பொதுவாகச் சொல்லும் விளக்கம். தேரவாத பௌத்தத்தோடு சிங்கள, பாளி வரலாற்று நூல்களும் இங்கே வந்தன. அவற்றில் அனுராதபுரத்தின் மேல் படையெடுக்கும் எதிரி 'தமிள'. படித்த பிக்குகளுக்கு அது ஒரு இனத்தின் பெயர் என்பதைவிடப் பகைவனின் பெயராகவே பதிந்தது.

இதற்குக் கோபப்படலாமா? நான் படவில்லை. காரணம், இதைச் சொல்லும் எந்தத் தாய்க்காரரும் நம்மை நினைத்துச் சொல்வதில்லை. 'ப்ருத்சபா தமின்' என்று பேசும் எத்தனையோ பேருக்கு அதே பெயரில் ஒரு இனம் இருப்பதே தெரியாது. தெரியவரும்போது அவர்கள்தான் கூச்சப்படுகிறார்கள். அகராதியில் விருந்தாளி என்று இருக்கும் சொல் முகத்தில் அடிக்கிறது. கொடூரன் என்று இருக்கும் சொல் நம்மைத் தொடாமலே போகிறது. ஆகவே அகராதியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்களை, வெள்ளைக்காரரானாலும் நம்மவரானாலும், நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மலேசியாவில் 'கெலிங்' வசையானதுபோல் கேக்கும் ஆகிவிடுமா?

ஆகலாம். 'கெலிங்' கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியருக்கான சாதாரணப் பெயர். பினாங்கில் தமிழ் முஸ்லிம்களோடு தொடர்புள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு கம்பீரமாக நிற்கிறது. ஆனால் இன்று ஒரு மலேசியத் தமிழரை அப்படிச் சொல்லிவிட்டு நட்போடு பிரிய முடியாது. தோட்டக் கூலியாக வந்தவர்களைக் கீழாகப் பார்த்த பார்வை சொல்லில் ஏறிக்கொண்டது.

குடிநுழைவுப் படிவத்தில் வரும் 'தாங் தாவ்' என்ன?

'கொன் தாங் தாவ்', சட்டத்தில் அந்நியர். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்கும் டி.எம். 47 படிவத்தில் நாம் எல்லோரும் அதுதான், ஆங்கிலத்தில் 'ஏலியன்'. வெள்ளைக்காரர்கள் இதையும் வைத்து வேற்றுக்கிரகவாசி ஜோக் அடிப்பார்கள். பேச்சு வழக்கில் இந்தச் சொல் போய் விழுவது பர்மா, கம்போடியா, லாவோஸ் தொழிலாளர்கள் மேல். மீன் பதனிடும் ஆலையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள். அவர்கள் இதைப் பற்றி விவாதம் நடத்துவதில்லை. நடத்த நேரமுமில்லை, கேட்க ஆளுமில்லை.

நாம் மட்டும் யோக்கியமா?

மார்வாடி எல்லோரும் 'சேட்டு', பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் 'வடக்கன்'. அடுத்த கேள்வி.

முகத்துக்கு நேரே கேக் என்றால் என்ன சொல்வது?

தொனி நல்லதாக இருந்தால் ஒன்றும் வேண்டாம். திருத்தியே ஆக வேண்டுமென்றால் சிரித்துக்கொண்டு "பென் கொன் இந்தியா க்ரப்" என்றால் போதும், பெண்கள் கடைசியில் 'க்ரப்'புக்குப் பதில் "கா" சொல்ல வேண்டும். இலங்கைக்காரர் இந்தியாவுக்குப் பதில் ஸ்ரீலங்கா. குரலை உயர்த்தினால் தோற்றது நீங்கள்தான். இங்கே சத்தம் போடுகிறவர் சொல்வது சரியா தப்பா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 'ஐ' போட்டுச் சொன்னால் பதில் பேசாமல் நகர்வது நல்லது. அலுவலகத்தில் அப்படி நடந்தால் சொன்னவரிடம் சண்டைக்குப் போகாமல் அவருக்கு மூத்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதுதான் இந்த ஊரில் வேலை செய்யும்.

பள்ளியில் என் பையனைக் கேக் என்று கூப்பிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

வகுப்பு ஆசிரியரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கூடவே இன்னொன்று செய்யுங்கள். தாய்க் குழந்தைகள் எல்லோருக்கும் 'சூ லென்' உண்டு, விளையாட்டுப் பெயர்: கோழிக்குஞ்சு, பந்து, பேங்க், பீர் என்று எதுவும் இருக்கும். வகுப்பில் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. நம் பிள்ளை 'வெங்கடசுப்பிரமணியன்' என்று மட்டும் போய் நின்றால், சொல்ல முடியாத பெயருக்குப் பதிலாகக் கையில் கிடைக்கும் சொல் கேக்தான். ஓரசை, ஈரசையில் ஒரு பெயரை நீங்களே வைத்து, முதல் நாளே ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். வைப்பதற்கு முன் தாய் நண்பர் ஒருவரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். நம் காதுக்குச் செல்லமாக இருக்கும் சில பெயர்கள் அவர்கள் காதில் எருமையாகவும் உடும்பாகவும் விழும், இரண்டுமே இங்கே பெரிய வசை.